வேலை நேர்காணல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டர்வியூவுக்கு அழைத்துவிட்டார்கள் என்றால் ரெஸ்யூமே அளவில் நீங்கள் தேறிவிட்டீர்கள். இனிமேல் எதிரே உட்கார்ந்திருப்பவர் மனதில் ஓடுவது ஒன்றுதான்: இவரைச் சேர்த்தால் வேலை நடக்குமா? ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். வேலை எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும்.

நேற்றுதான் அழைப்பு வந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

வேலை விளம்பரத்திலிருந்து. விண்ணப்பம் போட்டதோடு பலர் அதை மறந்துவிடுகிறார்கள். நிறுவனமும் சில நாளில் அதை நீக்கிவிடலாம், அதனால் விண்ணப்பிக்கும் அன்றே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் "துடிப்பானவர்", "குழுவோடு இணைந்து செயல்படுபவர்" போன்ற அலங்காரங்களை விட்டுவிட்டு, செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். புகார்களுக்குப் பதில் சொல்வது, மாதக் கணக்கு முடிப்பது, சரக்கு இருப்பு பார்ப்பது என்று ஐந்தாறு தேறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நீங்கள் அதைச் செய்த ஒரு சந்தர்ப்பத்தை எழுதுங்கள். "தெரியும்" என்று எழுதினால் போதாது. எங்கே செய்தீர்கள், என்ன சிக்கல் வந்தது, கடைசியில் என்ன ஆனது என்று எழுத வேண்டும். ஒன்றிரண்டு வரிகளுக்கு எதிரே எழுத எதுவும் இருக்காது. கேள்வி அங்கேதான் வரும். அதற்கு என்ன சொல்வது என்று இப்போதே யோசித்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் ரெஸ்யூமேவையே யாரோ ஒருவருடையது போலப் படியுங்கள். அதில் உள்ள எந்த வரியைப் பற்றியும் கேட்கலாம். பல வருஷமாகத் தொடாத ஒரு சாஃப்ட்வேரின் பெயர் அதில் இருந்தால், ஒரு மாலை உட்கார்ந்து தூசி தட்டுங்கள். முடியாவிட்டால், "கொஞ்ச நாளாகப் பயன்படுத்தவில்லை" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

நிறுவனத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

எந்த ஆண்டு தொடங்கினார்கள், நிறுவனர் யார் என்றெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். அது அவர்களுக்கே மறந்திருக்கும். அவர்கள் எதை, யாருக்கு விற்கிறார்கள், போட்டியாளர் யார், சமீபத்தில் என்ன மாற்றம் நடந்திருக்கிறது, நீங்கள் சேரப்போகும் பிரிவு இதில் எங்கே வருகிறது என்பது போதும். அவர்களுடைய செயலியையோ சேவையையோ ஒரு முறை பயன்படுத்திப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. "பதிவு செய்யும்போது மூன்றாவது பக்கத்தில் கொஞ்சம் தடுமாறினேன், மற்றவர்களும் அதைச் சொல்கிறார்களா?" என்று ஒருவர் கேட்டால், அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே வேலையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று புரிந்துவிடும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் என்ன சொல்வது?

பிறந்தது, படித்தது, அப்பா என்ன செய்கிறார் என்று ஆரம்பிக்காதீர்கள். ஒன்றரை நிமிடத்தில் மூன்று விஷயம் வந்தால் போதும்: இப்போது என்ன செய்கிறீர்கள், இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள், இந்த வேலை ஏன். இப்படி வைத்துக்கொள்ளுங்களேன்:

"நான்கு வருஷமாக ஒரு மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் இருக்கிறேன். கவுன்டரில் ஆரம்பித்தேன், இப்போது காப்பீட்டு நிறுவனங்கள் திருப்பி அனுப்பும் பில்களைப் பார்க்கிறேன். அவை ஏன் திரும்பி வருகின்றன என்று தேடுவதுதான் எனக்குப் பிடித்த பகுதி என்று போகப் போகத் தெரிந்தது. உங்கள் விளம்பரத்தில் அந்த வேலைதான் பிரதானமாக இருந்தது. அதனால் விண்ணப்பித்தேன்."

அவ்வளவுதான். இதில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்பவருக்கு அடுத்த கேள்வி கிடைத்துவிட்டது: "ஏன் திரும்பி வருகின்றன?" நீங்கள் நன்றாகப் பேசக்கூடிய இடத்துக்கு அவரே உங்களை அழைத்துப் போகிறார்.

"ஒரு சிக்கலைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்" மாதிரியான கேள்விகளை எப்படி எதிர்கொள்வது?

தயாரிப்பில் பாதி நேரத்தை இதற்குக் கொடுக்கலாம் என்பேன். இந்த வகைக் கேள்விகள் சும்மா வந்தவை அல்ல. ஆள் தேர்வு முறைகளில் எது உண்மையில் பலன் தருகிறது என்று ஃப்ராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனம்போனபடி பேசும் இன்டர்வியூவைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் இன்டர்வியூ மேல் என்று அதில் தெரிந்தது. 2022-ல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்குகளைத் திருத்திப் போட்டபோது, அந்த வகை இன்டர்வியூ பட்டியலில் முதலிடத்துக்கே வந்துவிட்டது. ஆகவே எதிரே இருப்பவர் கையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பதிலில் அவர் அந்தத் தாளில் எழுதிக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும்.

ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களைப் பாருங்கள். முதலாவது:

"எந்தப் பிரச்சினை வந்தாலும் நிதானமாக அணுகுவேன். எல்லோரிடமும் கலந்து பேசித் தீர்வு காண்போம்."

எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டாவது:

"பார்சல் அனுப்பும் பிரிவில் இருந்தேன். டெலிவரி ஆகாமல் திரும்பி வரும் பார்சல்கள் திடீரென்று அதிகமாகிவிட்டன. வாடிக்கையாளர்கள் முகவரியைத் தப்பாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் ஒரு வாரம், திரும்பி வந்தவற்றைப் பிரிக்காமல் தனியாக வைத்து, மேலே ஒட்டியிருந்த லேபிளையும் ஆர்டரையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆர்டரில் வீட்டு எண் இருந்தது, லேபிளில் இல்லை. முகவரி நீளமாக இருந்தால் லேபிள் அச்சடிக்கும்போது கடைசி வரி வெட்டுப்பட்டுவிடுகிறது. அப்படி ஐந்து லேபிள்களை எடுத்துக்கொண்டு போய் ஐ.டி. பிரிவில் காட்டினேன். அவர்கள் சரிசெய்யும்வரை நீளமான முகவரிகளைக் கையால் எழுதி ஒட்டினோம். அடுத்த மாதம் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது."

சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்று நான்காகப் பிரித்துச் சொல்லப் பயிற்சி கொடுப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் பலர் சூழலை விவரிப்பதிலேயே முக்கால்வாசி நேரத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். நீங்கள் செய்ததற்குத்தான் மதிப்பெண், அதனால் நேரமும் அங்கேதான் போக வேண்டும். "நாங்கள் செய்தோம்" என்றே பேசிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு எது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் "நான்" போட்டாலும் நம்ப மாட்டார்கள். லேபிளை ஒப்பிட்டது நான், கையால் எழுதியது நாங்கள். இப்படிப் பிரித்துச் சொன்னால் போதும்.

இதற்குப் பிறகு துணைக் கேள்விகள் வரும். ஏன் ஒரு வாரம் எடுத்தது? ஐ.டி. பிரிவில் முதலில் என்ன சொன்னார்கள்? இப்போது அதே சிக்கல் வந்தால் எப்படிச் செய்வீர்கள்? செய்தவருக்கு இதற்கெல்லாம் பதில் தானாக வரும், இரவல் கதை இங்கேதான் மாட்டிக்கொள்ளும். அதனால் நிறையக் கதை சேர்க்காமல், நான்கைந்து சம்பவங்களை எடுத்து நன்றாக அசைபோடுங்கள். பார்சல் சம்பவம் ஒன்றே "வேறு பிரிவோடு வேலை செய்தது", "எல்லோரும் சொன்னதை ஏற்காமல் யோசித்தது", "சொந்த முயற்சியில் செய்தது" என்று மூன்று கேள்விகளுக்குப் பொருந்தும்.

இப்போதுதான் படித்து முடித்தேன். சொல்ல அனுபவமே இல்லையே?

கல்லூரி ப்ராஜெக்ட், விழா ஏற்பாடு, பகுதிநேர வேலை, தன்னார்வப் பணி, வீட்டில் தோள் கொடுத்துச் செய்த ஏதாவது ஒன்று. புதியவரிடம் பெரிய சாதனையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ப்ராஜெக்டில் ஒருவர் வேலை செய்யாமல் இழுத்தடித்தார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே நல்ல சம்பவம். ஆனால் ப்ராஜெக்டில் உங்கள் பகுதி மட்டுமாவது கரதலப்பாடமாக இருக்க வேண்டும். "அந்தப் பகுதியை நண்பன் செய்தான்" என்று மூன்று முறை சொன்னால் அப்புறம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

"உங்கள் குறை என்ன?"

"நான் ரொம்பக் கடுமையாக உழைப்பேன், அதுதான் என் குறை" என்று சொன்னால் கேட்பவர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். உண்மையான குறை ஒன்றைச் சொல்லுங்கள். ஆனால் அந்த வேலைக்கு உயிர்நாடியானதாக அது இருக்கக்கூடாது. அதற்காக என்ன செய்கிறீர்கள் என்பதும் கூடவே வர வேண்டும். "கூட்டத்தில் சட்டென்று கருத்துச் சொல்ல எனக்கு வராது, மறுநாள்தான் தோன்றும். அதனால் என்ன பேசப்போகிறார்கள் என்று முன்பே கேட்டு வாங்கி, இரண்டு மூன்று குறிப்பு எழுதிக்கொண்டு போகிறேன்." இது போதும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால்?

தெரியாது என்று சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். "இதை நேரடியாகச் செய்ததில்லை. செய்ய வேண்டியிருந்தால் முதலில் இதைப் பார்ப்பேன், பிறகு இன்னாரைக் கேட்பேன்" என்று யோசிக்கும் வழியைக் காட்டுங்கள். சுற்றி வளைத்துப் பூசி மெழுகினால், அதற்கு முன் சொன்ன நல்ல பதில்கள் மேலும் சந்தேகம் விழும்.

சில இடங்களில் "சிகாகோ நகரத்தில் எத்தனை பியானோ டியூனர்கள் இருப்பார்கள்?" என்பதுபோலக் கேட்பார்கள். இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய கணக்கு அது. மக்கள்தொகை, அதில் எத்தனை வீடு, எத்தனை வீட்டில் பியானோ, வருஷத்துக்கு எத்தனை முறை சுருதி சேர்ப்பார்கள், ஒருவர் ஒரு நாளில் எத்தனை செய்வார் என்று படிப்படியாக வாய்விட்டுக் கணக்குப் போட வேண்டும். விடை முக்கியமில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன்: இந்த மாதிரிப் புதிர்களுக்குப் பேர்போன கூகுள் நிறுவனத்தில் ஆள் தேர்வுக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ பாக், இவற்றால் எந்தப் பயனும் இல்லை என்று 2013-ல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இருந்தும் கேட்பவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றை வைத்துத் தயாராகலாமா?

கேள்வி கேட்க வைக்கலாம், பதிலை எழுத வைக்கக்கூடாது. விளம்பரத்தையும் உங்கள் ரெஸ்யூமேவையும் கொடுத்து, "கறாரான மேலாளர் போலக் கேள்வி கேள், என் பதிலில் தெளிவில்லாத இடத்தைக் குடை" என்று சொல்லுங்கள். நல்ல பயிற்சி. பெயர், எண், பழைய நிறுவனத்தின் உள்விவகாரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

வீடியோ இன்டர்வியூ நடக்கும்போதே பக்கத்துத் திரையில் வரும் பதிலைப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். கேள்வி முடிந்ததும் ஒரு இழுவை, கண் ஓரமாகப் போகிறது, அப்புறம் முற்றுப்புள்ளி வைத்த மாதிரி முழு முழு வாக்கியங்கள். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பதற்றத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

பதற்றத்தை அடக்க முயல்வதைவிட, அதை வேறு பெயரில் அழைப்பது எளிது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கோ பாடுவதற்கோ முன்பு "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான், இதயம் இரண்டிலும் வேகமாகத்தான் துடிக்கும்.

ஆனால் வாய்விட்டுப் பழகுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. மனதுக்குள் சொல்லும்போது கோர்வையாக இருக்கும் பதில், வாயில் வரும்போது தடுக்கும். போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கவே கூச்சமாகத்தான் இருக்கும். இரண்டு நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள். பதிலை வரிவரியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு வரி விட்டுப்போனால் மொத்தமும் போய்விடும். சம்பவத்தின் வரிசை மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி வந்ததும் பாய வேண்டியதில்லை. "ஒரு நிமிடம் யோசிக்கிறேன்" என்று சொல்வதில் தப்பே இல்லை.

என்ன உடுத்துவது?

அங்கே வேலை செய்பவர்கள் வழக்கமாக உடுத்துவதைவிட ஒரு படி மேலே. தெரியாவிட்டால் அழைத்தவரிடமே கேட்டுவிடலாம். புது உடை, புதுச் செருப்பு எல்லாம் அன்றைக்கு முதல் தடவையாகப் போடாதீர்கள், கடித்துக்கொண்டே இருக்கும்.

வீடியோ இன்டர்வியூவில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கறுப்பு உருவம்தான் தெரியும். நாலு புத்தகத்தை அடுக்கி லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு ஏற்றுங்கள். மடிமேல் வைத்தால் மூக்குத் துவாரம்தான் தெரியும். படத்தைவிடக் குரல் முக்கியம், அதனால் மைக் உள்ள ஹெட்போனாக இருக்கட்டும். சார்ஜரைச் செருகிவிடுங்கள். இணையம் போனால் தாவுவதற்கு போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். அவர்களுடைய போன் நம்பரையும் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். திரையில் உங்கள் பெயர் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வீட்டுக் குழந்தை விளையாட வைத்த பெயரோடு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

குரல் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும் என்பதால், அவர் பேசி முடித்தபின் ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள். எதிரே யாருமே இல்லாமல், திரையில் வரும் கேள்விக்குப் பதிலைப் பதிவு செய்து அனுப்பும் முறையும் இருக்கிறது. தலையாட்ட ஆள் இல்லாததால் பலர் நீட்டிக்கொண்டே போவார்கள். சொல்ல வேண்டியது முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

முந்தைய வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இடையில் ஒரு வருஷம் இடைவெளியும் இருக்கிறது. எப்படிச் சொல்வது?

சுருக்கமாக, உண்மையாக, உடனே நிகழ்காலத்துக்கு வந்துவிடும்படி. "ஆட்குறைப்பில் எங்கள் பிரிவு முழுவதும் போனது." "உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், இப்போது வேறு ஏற்பாடு இருக்கிறது." "அந்த வேலை எனக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை. இன்ன விஷயத்தில் நான் பின்தங்கியிருந்தேன், அதற்குப் பிறகு இதைக் கற்றுக்கொண்டேன்." இரண்டு வாக்கியம் போதும். தேதிகளை நீட்டி இடைவெளியை மறைத்தால், பழைய நிறுவனத்தில் விசாரிக்கும்போது தெரிந்துவிடும். இடைவெளியை மன்னிப்பவர்கள்கூடப் பொய்யை மன்னிப்பதில்லை.

பழைய மேலாளர் எவ்வளவு மோசமானவராக இருந்தாலும் அங்கே திட்டாதீர்கள். உங்கள் பக்கம்தான் நியாயம் என்றாலும், கேட்பவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவீர்களோ என்றுதான் தோன்றும்.

திருமணம், குழந்தை பற்றியெல்லாம் கேட்டால்?

குடும்பம், மதம், கர்ப்பம் போன்றவற்றை வைத்து ஆள் எடுப்பதைப் பல நாடுகளில் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் பேச்சுவாக்கில் கேட்பார்கள். கேள்விக்குப் பின்னால் இருப்பதற்கு மட்டும் பதில் சொல்லலாம்: "வேலை நேரத்தைப் பற்றியா கேட்கிறீர்கள்? நீங்கள் சொன்ன ஷிஃப்ட் எனக்குச் சரிப்படும்." அதற்கு மேலும் துருவினால், நீங்களும் அந்த இடத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்றால்?

போவதற்கு முன்பே மூன்று தொகைகள் மனதில் இருக்க வேண்டும்: அந்த வேலைக்குச் சந்தையில் கிடைப்பது, உங்களுக்குத் திருப்தியானது, இதற்குக் கீழே வரமாட்டேன் என்பது. அதே வேலையில் இருப்பவர்களைக் கேளுங்கள், மற்ற விளம்பரங்களில் போட்டிருக்கும் தொகையைப் பாருங்கள்.

ஆரம்பத்திலேயே கேட்டால், "இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?" என்று திருப்பிக் கேட்கலாம். பலர் சொல்லிவிடுவார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். பேரத்தில் முதலில் விழும் எண்ணைச் சுற்றியே மீதிப் பேச்சு நடக்கும். வரம்பாகச் சொன்னால் அவர்கள் காதில் விழுவது கீழ் எண் மட்டும்தான். ஆகவே அந்தக் கீழ் எண்ணே உங்களுக்குத் திருப்தியானதாக இருக்கட்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். எதிரே இருப்பவர் இரண்டு நொடி பேசாமல் இருந்ததும், "குறைத்துக்கொள்ளவும் தயார்" என்று தானாகவே இறங்கி வருபவர்கள் ஏராளம்.

இப்போது வாங்கும் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், பல இடங்களில் சம்பளச் சீட்டு கேட்பார்கள். பழைய சம்பளத்தைக் கேட்பதையே தடுக்கும் சட்டங்களும் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2018 முதல் அப்படி ஒரு தடை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதிமுறையும் அதைத்தான் சொல்கிறது.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்கிறார்கள். என்ன கேட்பது?

"ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் கேட்கச் சொல்வது இவை: இந்த இடம் ஏன் காலியானது? முதல் ஆறு மாதத்தில் நான் எதைச் செய்து முடித்தால் நல்ல தேர்வு என்று நினைப்பீர்கள்? இந்தப் பிரிவில் இப்போது எது சிரமமாக இருக்கிறது? முதல் கேள்விக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் கவனியுங்கள். அடுத்தது என்ன, எப்போது தெரியவரும் என்பதையும் மறக்காமல் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

முடிந்த பிறகு அவர்களைத் தொடர்பு கொள்ளலாமா?

அன்றோ மறுநாளோ நான்கு வரியில் நன்றி சொல்லி மெயில் அனுப்புங்கள். பேசியதில் ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டால் வெறும் சம்பிரதாயமாகத் தெரியாது. அவர்கள் சொன்ன தேதி தாண்டி இரண்டு மூன்று வேலை நாள் ஆனால் ஒரு முறை விசாரிக்கலாம். அதன்பின் இன்னொரு முறை. அதற்கும் பதில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தேர்வாகவில்லை என்று சொன்னால், எதில் குறைந்தது என்று பணிவாகக் கேட்கலாம். பெரும்பாலும் பொத்தாம் பொதுவாகத்தான் பதில் வரும். அதைவிட, வெளியே வந்த கையோடு கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதி வைப்பது பயன் தரும். அடுத்த இடத்திலும் பாதிக்கு மேல் அதே கேள்விகள்தான் வரும்.

"எடுத்துக்கொள்கிறோம்" என்று போனில் சொல்லிவிட்டார்கள். இப்போதைய வேலையை விட்டுவிடலாமா?

பொறுங்கள். சம்பளம், பதவி, சேர வேண்டிய தேதி, வேலை செய்யும் இடம், தகுதிகாண் காலம் எல்லாம் எழுத்தில் வரட்டும். போனில் பேசியதும் கடிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று வரி வரியாகப் பாருங்கள், போனஸை உள்ளே சேர்த்துச் சொன்ன தொகையா என்பது உட்பட. சான்றிதழ் சரிபார்ப்போ மருத்துவப் பரிசோதனையோ பாக்கி இருந்தால் அதுவும் முடியட்டும். இப்போதைய நிறுவனத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சேரும் தேதியைச் சொல்லுங்கள். ராஜினாமாக் கடிதம் இதற்கெல்லாம் அப்புறம்தான்.